கட்டாத இடுப்பு

நடவு நாட்களில் ஒரு பெண்ணின் இடுப்பைப் பார்த்தால் போதும், அவள் வீட்டுச் சேதி தெரிந்துவிடும். சிவப்பும் மஞ்சளும் கட்டம் போட்ட சாதர்ஷப் துணியை மூன்றாக மடித்து, அடிவயிற்றிலிருந்து விலா வரை இழுத்துச் சுற்றி, இடப்பக்கம் முடிச்சுப் போடாமல் யாரும் சேற்றில் கால் வைப்பதில்லை. பகல் முழுக்கக் குனிந்தே கிடக்கிற முதுகுக்கு அந்தத் துணிதான் தூண். பன்னிரண்டு வயதில் கட்ட ஆரம்பித்தால், இனி முடியாது என்று வரப்பேறும்வரை கட்டுவார்கள். நடுவில் ஒரே ஒரு காரணத்துக்குத்தான் அதை அவிழ்ப்பது. வயிற்றில் பிள்ளை இருந்தால்.

சனிக்கிழமை விடியலில் நெற்குதிருக்குப் பின்னால் நின்று சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த தௌலத்துக்கு இதெல்லாம் நினைவில் இல்லை. அவள் நினைப்பு முழுக்க முதுகில் இருந்தது. ரஷ்த் நகரத்து எலும்பு டாக்டர் கொடுத்த பெல்ட் தோல் நிறத்தில், ஒரு சாண் அகலத்தில் இருந்தது. முதுகுப் பக்கம் நான்கு எஃகுப் பட்டைகள் தைத்திருந்தார்கள். முன்பக்கம் ஒட்டுகிற பட்டை. அதைப் பிரிக்கும்போது கோழி இறகைப் பிடுங்குகிற மாதிரிச் சத்தம் வந்தது. வீட்டுக்குள் அவள் புருஷன் ஹொஜ்ஜத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் அவன் காதுக்குப் போகக் கூடாது என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஒட்டினாள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டித்தான் சொன்னார். "ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கிற மெத்தை பிதுங்கி வெளிய வந்திருக்கும்மா. நரம்பை அழுத்துது. அதான் கால் வரைக்கும் மின்னல் மாதிரி இறங்குது. ஆறு வாரம் இதைப் போட்டுக்கங்க. இதுக்கு மேல துணிகிணி இறுக்கிக் கட்டாதீங்க, பட்டை குத்தும். குனியவே கூடாது."

"நடவு இருக்கே, டாக்டர்."

"நடவு அடுத்த வருஷமும் வரும். முதுகு ஒண்ணுதான்."

டாக்டருக்கு என்ன, சொல்லிவிட்டார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்.

அந்தத் தெருவில் ஒன்பது பெண்கள் சேர்ந்து நடுவார்கள். ஒன்பது நாள், ஒன்பது வயல். கூலி கிடையாது, நாளுக்கு நாள். நீ என் வயலில் ஒரு நாள் குனிந்தால் நான் உன் வயலில் ஒரு நாள் குனிவேன். இந்த வருஷம் முறை போட்டதில் தௌலத்தின் வயல் கடைசி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அதுவரை எட்டு நாள் அவள் வரிசையில் நிற்க வேண்டும். நின்றால்தான் ஒன்பதாவது நாள் எட்டுப் பேர் அவள் வயலுக்கு இறங்குவார்கள்.

நிற்க முடியாதவர்களுக்கு என்ன ஆகும் என்பதைப் போன வருஷம் பார்த்தாயிற்று. மஹ்தலத்தின் முதுகு போனபோது பெண்கள் அவளை அன்பாகத்தான் வரப்பேற்றினார்கள். தேநீர் கொதிக்கிற சமோவரை அவள் பொறுப்பில் விட்டார்கள். ஆனால் அவள் வயலுக்கு யாரும் முறைக்கு இறங்கவில்லை. நடாத வயலில் கோரை முளைத்தது. மழைக்காலம் வருவதற்குள் அதை டெஹ்ரான்காரர் ஒருவர் வாங்கி மண்ணடித்து மேடாக்கினார். இப்போது அங்கே நீலக் கூரை போட்ட வில்லா நிற்கிறது.

தௌலத்தின் மூன்று துண்டு வயல் அவள் அப்பா கொடுத்தது. ஹொஜ்ஜத்தின் அண்ணன் குளிர்காலம் வந்தால் போதும், வயலை வாங்க ஆள் இருக்கிறது, நல்ல ஆள் இருக்கிறது என்று வந்து உட்கார்ந்துவிடுவார். ஹொஜ்ஜத்தும் முன்புபோல மறுப்பதில்லை. "நம்ம ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு சேறு?" என்பான். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் அந்த வீட்டில் மூன்றாவது தட்டு வைக்க வேலை வரவில்லை. அந்த வயலும் போய்விட்டால் தனக்கென்று என்ன இருக்கிறது என்று அவள் யோசித்தாள். ரஷ்த்துக்குத் தங்கச்சியைப் பார்க்கப் போனதாகத்தான் அவனிடம் சொல்லியிருந்தாள்.

அன்று கொல்நெசாவின் வயல். ஐம்பத்தெட்டு வயதாகியும் வரிசையின் தலைமை அவள்தான். அவள் நாக்குக்குப் பயந்து தவளைகூடக் கத்தாது என்பார்கள். கடலிலிருந்து வந்த தூற்றல் மலைப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. வாய்க்கால் தண்ணீர் கணுக்காலைக் கடித்தது. பெண்கள் வரிசை பிடித்து, பின்னால் நடந்துகொண்டே நட்டார்கள். தௌலத்தின் இடுப்பு வளையவில்லை. எஃகுப் பட்டைகள் அவளைப் பலகை மாதிரி நிறுத்தின. தொடையிலிருந்து அப்படியே முன்னால் சாய்ந்து, முழங்காலை மடக்கி, நாற்றை ஊன்றினாள். இரண்டு முடி நாற்று நடுவதற்குள் கண்ணில் பூச்சி பறந்தது.

"தௌலத்து, என்னடி இது? பலகையை முழுங்கிட்டு வந்தியா?" என்றாள் கொல்நெசா. சொன்னவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்வை தௌலத்தின் முகத்திலிருந்து இடுப்புக்கு இறங்கி அங்கேயே நின்றது. துணி இல்லை. சட்டைக்குள் இடுப்பு வேறு தடித்துத் தெரிந்தது. கொல்நெசா வாயை மூடிக்கொண்டாள். அவள் பேச்சைப் பாதியில் நிறுத்தியதை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"மேல ஏறு. நாத்தங்கால்ல உட்காந்து நாத்துப் பறிச்சுக் குடு."

"நான் நல்லாத்தான் நடுறேன், பெரியம்மா."

"ஏறுன்னா ஏறு. கேக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

தௌலத் மனைப்பலகையில் உட்கார்ந்து நாற்றுப் பறித்தாள். முதுகு நேராக நின்றது. காலில் இறங்கிக்கொண்டிருந்த மின்னல் மெல்ல ஓய்ந்தது. காரணம் புரியாமலே கொல்நெசாவை மனதுக்குள் வாழ்த்தினாள். பத்து மணித் தேநீருக்கு எல்லோரும் வரப்பேறியபோது ஃபர்கொந்தே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மடியிலிருந்து புளிப்பான பச்சைப் பிளம்ஸ் காயை ஒரு கை நிறைய எடுத்து அவள் மடியில் போட்டாள். உப்பும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"தின்னுங்கக்கா. எனக்கு அப்ப இதுதான் கேட்டுச்சு."

ஃபர்கொந்தேக்கு இருபத்தாறு வயது. போன வருஷ நடவில், இதே வாய்க்கால் ஓரத்தில், ஐந்து மாதப் பிள்ளை அவளுக்குத் தங்காமல் போயிற்று. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு இடுப்புத்துணியை அவிழ்க்காமல் இறுக்கிக் கட்டிக்கொண்டு நட்டதுதான் காரணம் என்று பெண்கள் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

தௌலத்துக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. காய் கையிலேயே நின்றுவிட்டது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். சுற்றியிருந்த எட்டு முகங்களும் வேறெங்கோ பார்ப்பதுபோல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அப்படி ஒரு கனிவை இருபத்துமூன்று வருஷத்தில் அவள் பார்த்ததில்லை. இல்லையென்றால் பிறகு ஏன் துணி கட்டவில்லை என்பார்கள். முதுகு என்றால் சமோவர். அதற்குப் பிறகு நீலக் கூரை.

அவள் காயை உப்பில் தொட்டுக் கடித்தாள்.

"மெதுவா," என்றாள் கொல்நெசா, தேநீரை ஊதிக்கொண்டே. "நாப்பத்திமூணு வயசுல ஆண்டவன் குடுக்கிறான்னா, வாங்கிக்கிற மடி பத்திரமா இருக்கணும். ஹொஜ்ஜத்துக்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாத. மூணு மாசம் போகட்டும். ஆம்பளைக்குச் சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரி."

"நம்ம ஒன்பது பேருக்குத் தெரிஞ்சாச்சு. இனிமே தனியா ஊருக்கு வேற சொல்லணுமா?" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். தௌலத்தும் சிரித்தாள். சிரித்தபோது எஃகுப் பட்டை விலாவில் குத்தியது.

அவள் வரிசை சும்மா கிடக்க முடியாது. ஃபர்கொந்தே தன் வரிசையோடு அதையும் சேர்த்து நட்டாள். சனி, ஞாயிறு, திங்கள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டாள். "எனக்கு அன்னிக்கு ஒருத்தி எடுத்துக்கிட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. திங்கள் மாலை வரப்பேறும்போது அவளால் நிமிர முடியவில்லை. இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, கொக்கு மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தாள். தௌலத் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு நாற்றங்கால் தண்ணீரில் கை கழுவுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டிலும் ஏதோ மாறியிருந்தது. ஹொஜ்ஜத் வாய் ஓயாதவன். டில்லர் எந்திரத்தைத் திட்டுவான், அண்டை வீட்டு வாத்தைத் திட்டுவான். அவன் திட்டுவதை நிறுத்தியிருந்தான். செவ்வாய்க்கிழமை காலையில் அவள் கிணற்றடிக்குப் போனபோது வாளி நிரம்பி நின்றது. உலையேற்றப் போனால் சோறு ஏற்கனவே தம்மில் கிடந்தது. பச்சை மொச்சையும் சதகுப்பைக் கீரையும் முட்டையும் போட்டுக் குழம்பு. உப்பு கூடிப்போயிருந்தது. புகைமீனின் நடுத்துண்டை முள் எடுத்து அவள் தட்டில் வைத்திருந்தான்.

"என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. நீ சாப்பிடு."

அவன் அவளைப் பார்க்காமல் சன்னல் வழியாக மழையைப் பார்த்தான். வாய்க்குள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. இப்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமைவரை போகட்டும் என்றும் நினைத்தாள். இன்னும் ஐந்து நாள்தானே.

அந்த ஐந்து நாளும் கிடைக்கவில்லை.

அன்றைய தேநீர் நேரத்தில் மழை வலுத்து, பெண்கள் எல்லோரும் ஒரு பிளாஸ்டிக் தாளுக்குக் கீழே நெருக்கி உட்கார்ந்தார்கள். ஃபர்கொந்தே காலிலிருந்த அட்டையை உப்புத் தடவி எடுத்துப் போட்டுவிட்டு, கையைப் பாவாடையில் நன்றாகத் துடைத்தாள். பிறகு கூச்சத்தோடு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அக்கா, ஒரே ஒருக்கா தொட்டுப் பாக்கட்டுமா?"

அவள் கை நீண்டது. தௌலத் சட்டென்று பின்னால் நகர்ந்தாள். அந்த வேகத்தில் தேநீர்க் குவளை கவிழ்ந்தது.

ஃபர்கொந்தே கையை இழுத்துக்கொண்டாள். முகம் வெளுத்துப் போயிற்று. "சரிதான்க்கா," என்றாள். "நான் யோசிக்கல. தங்காத வயிறு. இந்தக் கை படக் கூடாதுன்னு நினைக்கிறீங்க. நியாயம்தான்."

"அப்படி இல்லடி."

"கோவமில்லக்கா. எங்க மாமியாரும் அப்படித்தான். நாத்தனார் புள்ளைய என்கிட்ட தர மாட்டாங்க."

அவள் எழுந்து மழைக்குள் போகப் பார்த்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இருபத்தாறு வயதுப் பெண், மூன்றரை நாளாக இரண்டு பேர் வரிசையை நட்டவள், கிழவி மாதிரி எழுந்தாள். தௌலத் அவள் கையை எட்டிப் பிடித்தாள். பிடித்த கையைச் சட்டைக்கு மேலே தன் இடுப்பின் பின்பக்கம் வைத்து அழுத்தினாள்.

ஃபர்கொந்தேயின் விரல்கள் எஃகுப் பட்டையில் பட்டு நின்றன. ஒன்று. அடுத்தது. பிறகு முன்பக்கம் வந்து ஒட்டுப்பட்டையின் விளிம்பைத் தடவின.

"என்னக்கா இது?"

"பெல்ட்டு. முதுகு போயிருச்சு. ரஷ்த் டாக்டர் குடுத்தாரு." தௌலத்தின் குரல் மழைச் சத்தத்தில் அமுங்கியது. அதனால் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "வயித்துல ஒண்ணும் இல்ல. மேல துணி கட்டக் கூடாதுன்னாங்க. நீங்களா நினைச்சுக்கிட்டீங்க. நான் இல்லேன்னு சொல்லல."

பிளாஸ்டிக் தாளில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன்?" என்றாள் கொல்நெசா.

"சொல்லியிருந்தா வரப்பேத்தியிருப்பீங்க. என் வயலுக்கு யாரும் இறங்கியிருக்க மாட்டீங்க. மஹ்தலத்தை நீங்க என்ன பண்ணீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"அவளுக்கு நாங்க துரோகம் பண்ணலடி. முறைன்னா முறை."

"அதான் சொல்றேன். முறைன்னா முறை."

கொல்நெசா கவிழ்ந்த குவளையை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். கோபத்தை எதிர்பார்த்திருந்த தௌலத்துக்கு அந்த நிதானம்தான் பயமாக இருந்தது. "முதுகைச் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்போம்னு எனக்கே தெரியாது," என்றாள் கொல்நெசா. "நாங்க ஒண்ணும் தர்மவான்கள் இல்ல. ஆனா இந்தப் புள்ளகிட்ட போய் இதை வச்சு வேலை வாங்கினியே. அவ யாருக்காக நட்டான்னு நினைக்கிற? உனக்காகவா? போன வருஷம் போச்சே, அதுக்காக நட்டா." அவள் எழுந்து முக்காட்டை இழுத்துவிட்டாள். "நாளைக்கு வராத."

ஃபர்கொந்தே கையை விடுவித்துக்கொண்டாள். மழையிலேயே இறங்கித் தன் வரிசையில் நின்று நட ஆரம்பித்தாள். தன் வரிசையை மட்டும் நட்டாள். பக்கத்து வரிசை தண்ணீராகவே கிடந்தது.

ஹொஜ்ஜத் கொட்டகையில் டில்லரின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். நனைந்து வந்தவளைப் பார்த்ததும் எழுந்தான். "மழையில ஏன்டி நடந்து வர்ற? சொல்லி அனுப்பியிருந்தா வண்டியில வந்திருப்பேன்ல." கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவள் தலையில் போட்டான்.

துண்டுக்குள்ளிருந்தே அவள் சொன்னாள். முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடிந்திருக்காது. ரஷ்த்துக்குப் போனதிலிருந்து ஃபர்கொந்தேயின் கை வரைக்கும் சொல்லி முடித்தாள். முடித்துவிட்டுச் சட்டையைத் தூக்கிப் பெல்ட்டைக் காட்டினாள். அவன் கை அவள் தலையிலிருந்து இறங்கி வெகுநேரம் ஆகியிருந்தது.

"எனக்கு ஞாயித்துக்கிழமையே தெரியும்," என்றான். "டீக்கடையில சொன்னாங்க. நான் எல்லாருக்கும் டீ சொன்னேன்."

அவள் சட்டையை இறக்கிவிட்டாள்.

"அண்ணன் வந்தாரு. அந்த டெஹ்ரான்காரனைக் கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டாரு. வேண்டாம்ணே, இனிமே அதுக்கு ஆள் இருக்குன்னு சொன்னேன்." அவன் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தான். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான். "முதுகுன்னா முதுகுன்னு என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா வித்துருவீங்க."

"வித்திருப்பேன்," என்றான் அவன். "உன் முதுகுக்காகத்தான் வித்திருப்பேன். அது உனக்குத் தோணலையா?"

"தோணுச்சு. அதனாலதான் சொல்லல."

அவன் அவளைப் பார்த்தான். கழற்றிய சக்கரத்தைத் தாண்டி மழைக்குள் இறங்கிப் போய்விட்டான். இருட்டிய பிறகு வந்தான். சாப்பிடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

புதன்கிழமை அவள் எழுந்தபோது அவன் இல்லை. போக வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பெல்ட்டைச் சட்டைக்கு மேலேயே ஒட்டிக்கொண்டாள். இனி யாருக்கு மறைப்பது. அன்று ஃபர்கொந்தேயின் வயல். பாப்லர் மரங்களைத் தாண்டி வாய்க்கால் மதகில் ஏறும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது.

வரிசையில் ஒன்பது பேர் நின்றார்கள். எட்டு முக்காடு, ஒரு கம்பளித் தொப்பி.

"பாத்துய்யா, நாத்தை நடச் சொன்னா புதைக்கிற," என்று கொல்நெசா சொல்லிக்கொண்டிருந்தாள். "டில்லர் ஓட்டுற கை இல்லையா, எல்லாத்தையும் உழுதுதான் பழக்கம்."

"பின்னால வாங்கண்ணே. முன்னால போனா நட்டதை மிதிப்பீங்க," என்றாள் இன்னொருத்தி. "உங்க பொண்டாட்டி வரிசை நூல் பிடிச்ச மாதிரி இருக்கும். இது வாத்து நடந்த மாதிரி இருக்கு."

ஹொஜ்ஜத் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். கால்சட்டையைத் தொடைவரை சுருட்டியிருந்தான். அந்த ஊரில் ஆண்கள் உழுவார்கள், வரப்பு வெட்டுவார்கள், தண்ணீர் பாய்ச்சுவார்கள். நடவு வரிசையில் ஒரு ஆண் நின்றதாக யாருக்கும் நினைவில்லை. பாலத்தில் இரண்டு பேர் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்கு இன்று பேச்சுக்குப் பஞ்சமிருக்காது.

கொல்நெசா வரப்பில் நிற்கிற தௌலத்தைப் பார்த்தாள். "விடியறதுக்கு முன்னாடியே வந்து கதவைத் தட்டினான்," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படியாக. "அவ நாளை நான் நின்னு கழிக்கிறேன், முறையில ஆம்பளை நிக்கக் கூடாதுன்னு இருக்கான்னு கேட்டான். அப்படி ஒண்ணும் இல்லையே. எவனும் கேட்டதில்ல, அவ்வளவுதான்." பிறகு, வேண்டா வெறுப்பாக, "வந்தது வந்துட்ட. நாத்தங்கால்ல உட்காரு. குனியாத."

தௌலத் மனையில் உட்கார்ந்தாள். ஹொஜ்ஜத்தின் வரிசைக்கு அடுத்தது ஃபர்கொந்தேயின் வரிசை. அவன் பின்தங்கும்போதெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசாமல் கை நீட்டி, அவன் நட்டதில் சாய்ந்து மிதந்தவற்றை எடுத்து ஊன்றிவிட்டுப் போனாள். நாற்று முடி வாங்க நாற்றங்காலுக்கு இரண்டு தடவை வந்தாள். இரண்டு தடவையும் முடியை வாங்கிக்கொண்டு போனாள். தௌலத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்குள் ஹொஜ்ஜத்தின் பேச்சு மூச்சு இரண்டும் நின்றுபோனது மாதிரி ஆயிற்று. நிமிர முயன்றான். பாதியில் நின்று, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடினான். உதட்டைக் கடித்தான். பெண்கள் சிரிக்கக் காத்திருந்தார்கள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முழுக்க நிமிர்ந்தபின், முந்தைய நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவன் தௌலத் பக்கம் திரும்பினான். நெற்றியிலிருந்து சேற்றுத் தண்ணீர் மூக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது.

"நம்ம முறை என்னிக்கு?"

"ஞாயித்துக்கிழமை," என்றாள் தௌலத்.

அவன் விரலை மடக்கி எண்ணினான். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. நான்காவது விரலை மடக்கியபடியே சிறிது நேரம் நின்றான். பிறகு, "நாத்து முடியைப் போடு," என்று சொல்லிவிட்டுக் குனிந்தான்.